முதிரைப் பலகையில் ஒரு பெயர்

கண்டி நகரத்துச் சுவர்களில் அந்த எழுத்தைப் பார்க்காதவர் அந்த நாளில் இருந்திருக்க முடியாது. நெருக்கமாக, தடிப்பாக, வளைய வேண்டிய இடத்திலெல்லாம் மூலை மூலையாக ஒடிந்து நிற்கும் கறுப்பு எழுத்து. நாடகம் வந்தாலும், பெரஹராத் திருவிழாக் காலத்தில் புடவைக்கடைக்காரர் விலையைக் குறைத்தாலும், எல்லோருக்கும் வாக்குண்டு என்று முதல் தேர்தல் வந்தபோதும், அந்த எழுத்துத்தான் சுவரில் நின்று சத்தம் போட்டது. அதைச் செதுக்கியவர் கறுப்பையா என்ற தச்சர்.

திருகோணமலை வீதியிலிருந்து இறங்கும் சந்து ஒன்றில் ஹலீமின் அச்சுக்கூடம் இருந்தது. ஹலீம் அலவத்துகொடைக்காரர், அதிர்ந்து பேசாதவர். கறுப்பையா அங்கே முதலில் வந்தது எழுத்துப் பெட்டிகளைப் பழுதுபார்க்க. அன்றைக்கு ஹலீம் ஒரு நோட்டீஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மதராஸிலிருந்து வரவழைத்த பெரிய எழுத்துகள் பானை பானையாக உருண்டிருந்தன. ஹுன்னஸ்கிரிய என்ற ஊர்ப்பெயர் தாளின் ஒரு வரியில் அடங்க மறுத்தது.

"பாதி ஊர் மேல, பாதி ஊர் கீழ. மலையில ஏறுற ஊருக்கு இது சரிதானே நானா," என்றான் ஹலீமின் தம்பி நஸீம். அங்கே அச்சுக் கோப்பவன் அவன்தான்.

கறுப்பையா பிறந்து வளர்ந்தது அந்த ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தன் ஊர் இரண்டாகப் பிளந்து கிடப்பதை அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"கூட்டமா பஸ்ஸுல ஏறினா நாம ஒடுங்கித்தானே நிக்கிறோம் முதலாளி. எழுத்தும் ஒடுங்கி நின்னா என்னங்க?"

"ஒடுங்கின எழுத்த யாரு வார்த்துத் தருவாங்க?"

"வார்க்க வேணாம். மரத்துல வெட்டலாம்."

அப்படித்தான் அது தொடங்கியது. கறுப்பையா முதிரை மரத்தில் வெட்டினார். முதிரை இறுகிய மரம், தண்ணீரும் மையும் பட்டாலும் சீக்கிரம் வீங்காது. ஆனால் வளைவை அது பொறுத்துக்கொள்ளவில்லை. உளி வளைந்து திரும்பும் இடத்தில் மரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. அதனால் அவர் சுழிகளையெல்லாம் மூலைகளாக்கினார். நிற்கும் கோடுகளைத் தடிப்பாக்கி, படுக்கும் கோடுகளை மெலிதாக்கி, எழுத்தின் இரண்டு விலாவையும் உள்ளே தள்ளினார். ‘ண’ அவரை வெகுவாக வாட்டியது. நெருக்கி வெட்டியதில் அதன் உள்ளறைகளில் மை அடைத்துக்கொண்டு, தாளில் வெறும் கறுப்புக் கட்டியாக விழுந்தது. அறைக்கு அறை சுவரை மெலிதாக்கி, திரும்பத் திரும்ப வெட்டினார். ‘இ’ இன்னும் மோசம். அது முழுவதும் சுருள்தானே. அதை நாலு மூலைக்குள் அடக்கியபோது பூட்டுப் போட்ட பெட்டியைப் போல் இருந்தது.

ஒவ்வொரு எழுத்தையும் அச்செடுத்து, எதிர்ச்சுவரில் ஒட்டிவிட்டுச் சந்தின் முனைவரை நடந்து போய்த் திரும்பிப் பார்ப்பார். அங்கிருந்து தெரியாவிட்டால் கட்டை அடுப்புக்குப் போகும்.

முழு வரி முதன்முதல் தாளில் விழுந்தபோது ஹலீம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கறுப்பையா, இது எழுத்தா, கோடாலியா?"

"இந்த எழுத்துல கலியாணக் காட் அடிச்சா மாப்பிள ஊர விட்டே ஓடிப் போவான்," என்றான் நஸீம்.

"கலியாணத்துக்கு இல்ல தம்பி. சந்தையில கூவுறதுக்கு," என்றார் கறுப்பையா.

ஹுன்னஸ்கிரிய ஒரே வரியில் நின்றது. பிறகு கறுப்பையா அச்சுக்கூடத்தை விட்டுப் போகவில்லை.

வாரத்தில் ஆறு நாள் அவர் கண்டியில் இருந்தார். சனிக்கிழமை மாலை பஸ் ஏறித் தெல்தெனியவுக்குப் போவார். அதற்கு அப்பால் ஒரு கொக்கோத் தோட்டத்தில் அவருடைய மனைவி பாப்பம்மா வேலை செய்தாள். அவர்களுக்கு ஒரே மகள், பவளாயி. ஒன்பது வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்.

பாப்பம்மாவுக்குப் படிப்பில்லை. ஆனால் தெல்தெனியக் கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் பவளாயி அம்மாவின் முந்தானையைப் பிடித்துச் சுவருக்கு இழுப்பாள். "அம்மா, இது அப்பா எழுத்து. இது ப. ஒன் பேருலயும் இருக்கு, என் பேருலயும் இருக்கு." புத்தகத்தில் உள்ள சின்ன உருண்டை எழுத்து பாப்பம்மாவின் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. கணவருடைய மூலை எழுத்து மட்டும் பிடிபட்டது. அந்த எழுத்தில் எழுதியிருந்தால் தன் பெயரையும் மகள் பெயரையும் விரல் வைத்து அவளால் வாசிக்க முடியும். வேறொன்றும் வாசிக்கத் தெரியாது. வாசிக்க வேண்டுமென்றும் அவளுக்குத் தோன்றியதில்லை.

அந்த வருடம் மழை பொய்த்தது. மகாவலி ஆறு ஓடவில்லை, பாறைகளுக்கிடையில் குட்டை குட்டையாகத் தேங்கியது. ஐப்பசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. கிராமம் கிராமமாக ஆட்கள் விழுந்தார்கள். கொயினா மருந்தை எங்கே இலவசமாகக் கொடுக்கிறார்கள், யார் போய் வாங்க வேண்டும், எப்படிக் குடிக்க வேண்டும் என்று நோட்டீஸ் அடிக்கும் வேலை ஹலீமிடம் வந்தது. தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்றார்கள். அதற்குக் கறுப்பையாவின் எழுத்தைவிட ஏற்ற எழுத்து வேறில்லை. ‘காய்ச்சல்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கோக்க நேரமில்லாமல் ஒரே கட்டையாகவே அவர் வெட்டி வைத்தார். அடுத்து ‘கொயினா’ என்று ஒரு கட்டை தொடங்கினார்.

அந்தக் கட்டையில் பாதி வெட்டியிருந்தபோதுதான் தெல்தெனியப் பஸ்ஸில் வந்த ஒருவர் சந்துக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "கறுப்பையாண்ணே, பவளாயிக்கு மேலு சுடுதாம். ஒங்கள வரச் சொல்லுச்சு பாப்பம்மாக்கா."

ஹலீம் கேட்டுக்கொண்டிருந்தார். "எழும்பு கறுப்பையா. இப்பவே போ."

"எல்லாருக்கும்தானே வருது முதலாளி. மருந்து குடிச்சா எழும்பிருவா. இந்தக் கட்டைய முடிச்சிட்டா இன்னிக்கே நோட்டீஸ் போயிரும். எத்தன ஊருக்காரங்க பாத்துக்கிட்டு இருக்காங்க. காலையில மொத பஸ்ஸுல போறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நோட்டீஸ் அன்றைக்கே போயிற்று. அதைப் பார்த்து எத்தனையோ பேர் மருந்து வாங்கிக் குடித்துப் பிழைத்தார்கள். மறுநாள் காலையில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பவளாயியைப் புதைத்துவிட்டு ஆட்கள் ஆற்றுக் குட்டையில் குளித்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் காலத்தில் உடலை வைத்திருக்க விடவில்லை.

மகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவர் அழவும் இல்லை. பாப்பம்மா அவரை இடுகாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தோட்டத்தின் கீழ்க்கரையில் செம்மண் மேடுகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. பெரியவர்கள், குழந்தைகள் என்று பிரிக்கவும் இடமில்லை. ஒரு மேட்டின் தலைமாட்டில் அவள் கொக்கோக் கிளை ஒன்றை ஊன்றியிருந்தாள். அதன் இலைகள் அதற்குள் வாடித் தொங்கின.

"இதுதாங்க," என்றாள். "நாளைக்கு இந்தப் பக்கத்துல இன்னொண்ணு வரும். மழை எறங்குச்சுன்னா எல்லா மேடும் அமுங்கி ஒண்ணாயிரும். எம் புள்ள எங்க இருக்கான்னு எனக்கே தெரியாமப் போயிரும்."

"கல்லு வைக்கிறேன்."

"கல்லு வேணாம். எல்லாக் கல்லும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கும். பேரு வேணும். ஒங்க எழுத்துல வேணும். நான் வந்து வாசிச்சுப் பாத்துக்குவேன்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. மனிதர் துக்கத்தில் கேட்கும் சிறிய காரியத்தை லேசாக எண்ணிவிடக் கூடாது. வாழ்நாளின் பாரம் முழுவதையும் அவர்கள் அதன்மேல்தான் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

கறுப்பையா கண்டிக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னார். ஹலீம் எழுந்து உள்ளே போய், தம் வீட்டு அலுமாரிக்கென்று வாங்கிப் பதப்படுத்தி வைத்திருந்த முதிரைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்தார்.

"இது பெரிய பலகைங்க முதலாளி. துண்டு ஒண்ணு போதும்."

"புள்ளட பேருக்குத் துண்டா? இத எடு."

கறுப்பையா உட்கார்ந்தார். ஹலீமின் மனைவி ஸுலைஹா வீட்டிலிருந்து கஞ்சி அனுப்பினாள். அவர் குடிக்கவில்லை என்று தெரிந்ததும் அடுத்த வேளைக்கும் அனுப்பினாள். வாய் ஓயாத நஸீம் பலகையின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தான். கறுப்பையா எழுத்துகளைச் சுற்றியிருந்த மரத்தைத் தோண்டித் தோண்டி எடுத்தார். நாலு எழுத்தும் பலகையிலிருந்து மேலே எழும்பி நின்றன. அவர் செதுக்கியவற்றிலேயே அதுதான் அழகானது. ஒரு மூலைகூடச் சிதறவில்லை.

முடிந்ததும் ஹலீமிடம் காட்டினார். "ஒருக்கா பாருங்க முதலாளி."

ஹலீம் பார்த்தார். "பவளாயி," என்று மெல்ல வாசித்தார். நஸீமும் பார்த்து, "ஒரு பிசகும் இல்லண்ணே," என்றான்.

பலகையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கறுப்பையா பஸ் ஏறினார்.

பாப்பம்மா குளித்துவிட்டு ஒரு செம்புப் பாலோடு காத்திருந்தாள். அவர் குழி தோண்டிப் பலகையை நட்டார். அவள் அடியில் பாலை ஊற்றிக் கற்பூரம் கொளுத்தினாள். அருகிலிருந்த மேடுகளில் வந்து நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவள் பலகைக்கு முன்னால் குந்தி, இடப்பக்கத்து முதல் எழுத்தில் விரலை வைத்தாள்.

விரல் அங்கேயே நின்றது. அடுத்த எழுத்துக்குப் போயிற்று. மறுபடியும் முதல் எழுத்துக்கு வந்தது. கடைசி எழுத்தில்தான் அவளுக்குத் தெரிந்த ‘ப’ இருந்தது.

"இது என்ன எழுத்துங்க?" என்றாள். "எனக்கு வாசிக்க முடியலையே."

"பவளாயின்னுதானே இருக்கு."

"ப கடைசியில இருக்கே."

அவர் பார்த்தார். அவருக்கு அது சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. பக்கத்து மேட்டின் அருகே நின்றுகொண்டிருந்த கங்காணி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அச்சாபீஸ்காரன்னு பேருதான் பெருசு. மகப் பேரத் திருப்பிப் போட்டு வச்சிருக்கான்."

அப்போதுதான் கறுப்பையாவுக்குப் புரிந்தது. அச்சுக்கட்டையில் எழுத்தைப் புரட்டித்தான் வெட்டுவார்கள், கண்ணாடியில் தெரிவதைப் போல. மை பூசித் தாளில் அழுத்தினால்தான் அது நேராகும். வருடக்கணக்கில் அதையே வெட்டிய அவர் கைக்கு வேறு வழி தெரியவில்லை. மகளின் பெயரையும் அச்சுக்கூடத்துக்கு வெட்டுவதைப் போலவே வெட்டிவிட்டார். அதையே நாள் முழுவதும் வாசித்துப் பழகிய ஹலீமின் கண்ணுக்கும் நஸீமின் கண்ணுக்கும் அது நேராகவே தெரிந்திருக்கிறது. உலகத்தில் அந்தப் பெயரைப் பிழையில்லாமல் வாசிக்கக் கூடியவர்கள் அந்த மூன்று பேர்தான். வாசிக்க வேண்டியவளால் முடியவில்லை.

அவர் குனிந்து பலகையை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார். பாப்பம்மா அவர் கைமேல் கையை வைத்தாள்.

"என்ன செய்றீங்க?"

"பிடுங்கிட்டு வேற செஞ்சு கொண்டாறேன்."

"பால் ஊத்தி நட்டதப் பிடுங்குறதா? அவளையே தோண்டி எடுக்குற மாதிரிங்க அது. வேணாம். நிக்கட்டும்."

"ஒனக்குத்தானே வாசிக்கணும்."

"எனக்குக் குடுத்து வைக்கல," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

அவர் அச்சுக்கூடத்துக்குத் திரும்பி வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார். நஸீம் கையில் பிடித்திருந்த எழுத்துகளை அப்படியே மேசையில் வைத்தான்.

"நீ மட்டுமா கறுப்பையா," என்றார் ஹலீம். "நானும்தான் பாத்தேன். பவளாயி எண்டு வாசிச்சதும் நான்தான். குத்தம் மூணு பேருக்கும் பொது."

"என் கைதானே வெட்டுச்சு முதலாளி. புள்ள கெடக்கையிலயும் இந்தக் கைதான் கட்டை வெட்டுச்சு. அவளுக்குன்னு செஞ்ச ஒண்ணையும் இப்பிடிச் செஞ்சு வச்சிருக்கு."

ஹலீம் தொழுதுவிட்டு வந்தார். வீட்டுக்குப் போய் ஸுலைஹாவிடம் நடந்ததைச் சொன்னார்.

"வாசிக்க ஏலாமப் போனது அந்தப் பொம்புளைக்கா?" என்று கேட்டாள் அவள். "பாவமே. அச்சுக் கட்டை எண்டு சொல்றீங்க. அச்சடிச்சா நேராத்தானே வரும்?"

ஹலீம் அவளைப் பார்த்தார்.

"அது இடுகாட்டில நட்டு ஈக்கி."

"கட்டையக் கொண்டு வர ஏலாட்டி நீங்க போங்கோ." அவள் அலுமாரியைத் திறந்து, தனக்கென்று வைத்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு கெஜத்தைக் கிழித்துக் கொடுத்தாள். "தாளெண்டா கிழிஞ்சிரும். இது கெடக்கும்."

மறுநாள் காலையில் ஹலீமும் கறுப்பையாவும் தெல்தெனியப் பஸ்ஸில் போனார்கள். ஹலீமின் மடியில் மை டப்பாவும், உருளையும், மடித்த துணியும் இருந்தன. ஏன் என்று கறுப்பையா கேட்கவில்லை. பாதி வழியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இடுகாட்டில் இன்னும் இரண்டு புதிய மேடுகள் வந்திருந்தன. வேலைக்குப் புறப்பட்ட பாப்பம்மா செய்தி கேட்டு வந்தாள். தொப்பி போட்ட முதலாளி ஒருவர் தன் மகளின் மேட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதைக் கண்டு தயங்கினாள்.

"வாங்க தங்கச்சி," என்றார் ஹலீம். "பலகையப் பிடுங்க மாட்டோம். தொட மட்டும் செய்வோம். அனுமதி தாங்க."

அவள் தலையசைத்தாள்.

கறுப்பையா உருளையில் மையை எடுத்தார். எழுத்துக்குக் கிட்டே போனதும் உருளை நின்றது. ஹலீம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து எழும்பி நின்ற எழுத்துகளின்மேல் மையை உருட்டினார்கள். முதிரையின் மஞ்சள் நிறம் மறைந்து நாலு எழுத்தும் கறுத்தன. ஹலீம் துணியை விரித்துப் பலகையின்மேல் சாத்தினார். கறுப்பையா உள்ளங்கையால் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, ஒவ்வொரு மூலையையும் விடாமல் அழுத்தித் தடவினார். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுப்பவரைப் போல மெதுவாகத் தடவினார்.

துணியின் இரண்டு மேல் முனைகளையும் பிடித்து உரித்து, மனைவியின் பக்கம் திருப்பினார்.

பாப்பம்மா கிட்டே வந்தாள். இடப்பக்கத்து முதல் எழுத்துக்கு நேராக, மை படாமல், விரலைக் கொண்டுபோனாள்.

"ப," என்றாள். "வ." கொஞ்சம் நின்றாள். "ளா. யி."

பிறகு சேர்த்து வாசித்தாள். "பவளாயி." இன்னொரு முறை வாசித்தபோது குரல் உயர்ந்துவிட்டது. அது வாசிப்பவளின் குரல் அல்ல. வேலை விட்டு வந்து, லயத்து வாசலில் நின்று, விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடும் தாயின் குரல். இடுகாட்டில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஆற்றங்கரைவரை அந்தக் குரல் போயிற்று. பதில் வரவில்லை.

கறுப்பையா அப்போதுதான் அழுதார். துணியைக் கீழே விடவும் முடியாமல், முகத்தை மூடவும் முடியாமல், இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்தபடியே நின்று அழுதார். ஹலீம் அவர் பக்கத்தில் வந்து நின்றார். இறைவன் எல்லாருடைய கண்ணீரையும் அறிவான். அதற்குப் பக்கத்தில் நிற்க ஒரு மனிதனை அனுப்புகிறான். அவ்வளவுதான் நம்மால் ஆகிறது.

முன்பு பரிகாசம் பண்ணிய கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். பலகையில் கறுத்து நின்ற எழுத்தைப் பார்த்தார்.

"ரோட்டுலேருந்தே தெரியுது கறுப்பையா," என்றார். இன்னொரு மேட்டைக் காட்டி, "அங்க எம் பேரன் கெடக்கான். அவன் அப்பனுக்கும் எழுத்துத் தெரியாது. நேரா ஒண்ணு வெட்டித் தருவியா?" என்று கேட்டார்.

"பலகைக்குப் பாத்துக்குவோம்," என்றார் ஹலீம், கறுப்பையாவுக்காக.

பாப்பம்மா துணியை வாங்கி மார்போடு சேர்த்து மடிக்கப் போனாள்.

"மடிக்க வேணாம் தங்கச்சி. மை காயட்டும். இப்ப மடிச்சா எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"வெயில் ஈக்கிதானே. கொஞ்ச நேரம் பிடிங்க."

அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையைக் கறுப்பையா பிடித்தார். ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்று துணியைத் தூக்கித் தூக்கி அடித்தது. அது தரையில் படாமல், மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக, அவர்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.